இரண்டு கோடியிலும் அவள்

சோபாவுக்கு மேலே உள்ள சுவர், ஜன்னல் விளிம்பிலிருந்து சுவிட்சுப் பலகை வரைக்கும் ஆறடி. லிஃப்ட் மெக்கானிக் அதை மூன்று தடவை அளந்துவிட்டார். மாடி மாடியாக லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளத்தை இம்மி பிசகாமல் நிறுத்துகிற மனிதர், மனைவியின் படத்தை மாட்டப் போகிறோம் என்றதும் தன் டேப்பையே நம்பாமல் போனார்.

அவள் போய் ஆறேழு மாதம் ஆகிறது. ஒரு காலையில் குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். பிள்ளை இல்லாத வீடு. பிள்ளை மாதிரி இருந்தவன் அவளுடைய தம்பி ஒருவன்தான். தாயில்லாப் பையன், அக்காவின் கல்யாணத்துக்கு வந்தவன் திரும்பிப் போகவே இல்லை. "கல்யாணத்துக்கு வந்தவங்கள்ல ஒருத்தன் இன்னும் பந்தியை விட்டு எந்திரிக்கலை" என்று மெக்கானிக் வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரிப்பார். வளர்ந்து நெட்டையாகிப் போனவனை அக்கா ஒட்டடைக்குச்சி என்பாள். அவன் அவளைக் குண்டக்கா என்பான். இரண்டுக்கும் அந்த வீட்டில் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

அக்கா போனதும் ஒட்டடைக்குச்சி ஆளே மாறிவிட்டான். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வேலைக்குப் பக்கம் என்று தனியாக அறை எடுத்துக்கொண்டான். கூப்பிட்டால் ஆயிரம் சாக்கு. மெக்கானிக்குக்குக் கோபம் வந்தது உண்மைதான். வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள்; இந்தக் கடா பாயக்கூட வரவில்லை.

திடீரென்று போன வாரம் அவனிடமிருந்து படம் வந்தது, பின்னாலேயே போனும் வந்தது.

"அத்தான், பீச்சுல எடுத்தது. பெருசா பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டுங்க. நல்லா பெருசா. சின்னதாப் போட்டா ஒண்ணும் தெரியாது. ஞாயித்துக்கிழமை நானே வந்து மாட்டித் தரேன்."

அவள் போவதற்கு முந்தின மாதம் சொந்தக்காரர்கள் எல்லாரும் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். போனை இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தினால் நீளமாக ஒரே படம் விழுமே, அந்தப் பனோரமா எடுக்கிறேன் என்று ஒட்டடைக்குச்சி எல்லாரையும் அரைவட்டமாக நிறுத்தினான். அக்காவை மட்டும் இடது கோடியில் நிறுத்தி, "குண்டக்கா, போன் உன்னைத் தாண்டினதும் என் முதுகுக்குப் பின்னால ஓடி, அது வர்றதுக்குள்ள அந்தக் கோடியில போய் நில்லு. ஒரே படத்துல ரெண்டு தடவை வருவே" என்றான். படம் எடுப்பவன் ஆட்டுவித்தால் ஆடாத மனிதர் உண்டா? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, போனோடு போட்டி போட்டு மணலில் ஓடினாள். போனில் பார்த்தால் படம் ஒரு விரல் அகல நாடாதான். இந்தக் கோடியில் ஒரு புள்ளி அவள், அந்தக் கோடியில் ஒரு புள்ளி அவள். எல்லாரும் போனைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஸ்டுடியோவில் ஐந்தடி நீளத்துக்குப் பிரிண்ட் போட்டுச் சுருட்டிக் கொடுத்தார்கள். மெக்கானிக் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, படத்தின் இடது ஓரத்தில் இஸ்திரிப் பெட்டியைப் பாரமாக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விரித்தார். முதலில் அவள் வந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. வாடி, வீட்டுக்கு வந்துட்டியா என்று வாய்விட்டே சொன்னார். இன்னும் விரித்தார். சித்தப்பா வீட்டார், பெரியம்மா மகன், நடுவில் அவரே வாயைப் பிளந்துகொண்டு கை தட்டியபடி. வலது பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் கேமராவை விட்டுவிட்டு ஒரே திசையில் தலையைத் திருப்பிச் சிரிக்கிறார்கள். கடைசியில் மறுபடியும் அவள்.

அங்கே அவள் சிரிக்கவில்லை. ஒரு கை முழங்காலில், ஒரு கை நெஞ்சில். உதடு வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை. கையில் இருந்த செருப்பைக் காணோம். கண் கேமராவை நேராகப் பார்க்கிறது. அது பயந்துபோனவளின் கண். போனில் புள்ளியாகத் தெரிந்தது இங்கே முகமாக இருந்தது.

அன்றைக்கு அவள் "கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்று மணலில் சரிந்ததும், தம்பி "குண்டக்கா, இளைக்கணும்" என்று கேலி செய்ததும், அவரும் கூடச் சேர்ந்து சிரித்ததும் ஞாபகத்துக்கு வந்தன. நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். அன்றே ஒரு டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தால் என்ற நினைப்பு விடவில்லை. அதையும் தள்ளிக்கொண்டு வேறொரு பயம் வந்தது. ஓடச் சொன்னவன் அவன். ஞாயிற்றுக்கிழமை வரப்போகிறான். இந்த முகத்தைப் பார்த்தானானால் அப்புறம் அவன் மனுஷனாக நடமாட மாட்டான். அவள் வளர்த்த பிள்ளை. அவளுக்காகவாவது இது அவன் கண்ணில் படக்கூடாது.

மறுநாள் இரும்பு ஸ்கேலை வைத்து, புது பிளேடால், வலது ஓரத்தில் ஒரு சாண் அகலத்தை வெட்டி எடுத்தார். வெட்டி முடித்தபின் தூக்கிப் போட மனம் வரவில்லை. பீரோவில் அவள் புடவைகளுக்கு அடியில் சுருட்டி வைத்தார்.

"ஸ்டுடியோல அஞ்சடி போட்டதாச் சொன்னீங்க, ஒரு சாண் குறையுதே" என்றார் ஃபிரேம் கடைக்காரர்.

"சுவர் பத்தலை" என்று மெக்கானிக் பொய்யைச் சொல்லிப் பழகிக்கொண்டார்.

"சுவர் இருந்தாத்தானே சித்திரம்" என்று கடைக்காரர் சிரித்தார். உடம்பைக் கவனிக்காதவர்களுக்குச் சொல்கிற பழமொழி அது. பாவம், அவருக்கு என்ன தெரியும்? கண்ணாடி போட்டால் பாரம் என்று அக்ரிலிக் போட்டுக் கொடுத்தார். நீளப் படத்துக்கு ஒரு கொக்கி போதாது, இரண்டு அடியுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும் என்று சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை ஒட்டடைக்குச்சி வந்தான். இன்னும் இளைத்திருந்தான். அதற்குள் கொக்கிகள் அடித்து, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தாகிவிட்டது. சோபாவில் சாய்த்து வைத்திருந்த படத்தின் முன்னால் அவன் குந்தி உட்கார்ந்தான். இடது கோடியில் அக்காவைப் பார்த்தான். அவசரமாகக் கண்ணை வலது கோடிக்கு ஓட்டினான்.

"அந்தக் கோடி எங்க அத்தான்?"

"சுவர் பத்தலைடா."

அவன் நிமிர்ந்து சுவரைப் பார்த்தான். "இப்பவே ரெண்டு பக்கமும் இடம் கெடக்கே. நீங்க அளந்து தப்பாப் போகுமா?"

உலகத்துச் சுவரையெல்லாம் அளந்த மனிதர், பொய் சொல்லும்போது சுவரை மறந்துவிட்டார்.

"இவங்கல்லாம் எதைப் பாத்துச் சிரிக்கிறாங்க?" என்று அவன் வலது பக்கத்து முகங்களைத் தொட்டுக் கேட்டான். எல்லாரும் ஃபிரேமின் கட்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதையும் அவர் யோசிக்கவில்லை.

"ஏதாச்சும் நாய் ஓடியிருக்கும்."

"பாத்துட்டீங்க" என்றான் அவன். "பாத்துட்டுதான் வெட்டியிருக்கீங்க."

மெக்கானிக்கின் கண் பீரோப் பக்கம் போனது.

"அக்கா போனப்புறம் நான் பெருசு பண்ணிப் பாத்தேன் அத்தான். தெனமும் பாக்கறேன். உங்க மூஞ்சியில முழிக்க முடியலை, அதான் வரலை. நான்தான் அக்காவை ஓட வெச்சேன்னு சொல்லவும் வாய் வரலை. நீங்களாப் பாத்து என்னை நாலு அறை விடுவீங்கன்னுதான் பெருசாப் போடச் சொன்னேன். நீங்க வெட்டி வெச்சிருக்கீங்களே."

அப்போதுதான் மெக்கானிக்குக்குப் புரிந்தது. இத்தனை மாதம் அவன் வராததும், அழாததும். தண்டனை கேட்டு வந்தவனிடம் தண்டனையை ஒளித்து வைத்திருக்கிறார். பீரோவைத் திறந்து, வெட்டிய படத்துண்டை எடுத்து வந்தார். அது சுருண்டு சுருண்டு கொண்டது. அவன் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொள்ள, இவர் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொள்ள, ஃபிரேமுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். இப்போது எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"திட்டுங்க அத்தான்."

அவருக்கு அவனைத் திட்ட ஆசையே இல்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தார். ஒரு திட்டாவது கேட்காமல் அவன் இந்த வீட்டை விட்டுப் போகமாட்டான் என்று தெரிந்தது.

"ஏன்டா அவளை ஓடச் சொன்னே?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். நெட்டை உடம்பு இரண்டாக மடிந்தது. கல்யாண வீட்டுக்கு வந்த பத்து வயசுப் பையன் மாதிரி அவன் தரையில் தலையை வைத்துக் கதறினான். துண்டை விட்டுவிட்டு மெக்கானிக் அவன் முதுகைத் தடவினார். அவரும் அழுதார். எவ்வளவு நேரம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

ரொம்பக் கழித்து அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு படத்தின் நடுவைப் பார்த்தான்.

"நீங்க எதுக்கு அத்தான் கை தட்டினீங்க?"

இத்தனை நாளும் யாராவது அதைக் கேட்கமாட்டார்களா என்று தானும்தான் காத்திருந்திருக்கிறோம் என்பது கேட்ட பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

"அவ ஜெயிக்கணும்னுதான்டா" என்றார் மெக்கானிக்.