இழுக்கும் தூரம்

காலையில் வகுப்பறைக்கு வந்ததும் டீச்சர் காந்தக் குண்டுப் பெட்டியைத் திறந்தாள். இரண்டு குழிகள் காலி.

பள்ளிக்கூடத்துக் காந்தம் ஒரு குண்டூசியைத் தூக்கவே மூச்சு வாங்கும். மழலை வகுப்புக்கு அதைக் காட்டினால் கொட்டாவிதான் விடுவார்கள். அதனால் வீட்டு மேஜையில் விளையாட்டுக்குக் கிடந்த குண்டுகளை நேற்று எடுத்து வந்திருந்தாள். மிளகைவிடக் கொஞ்சம் பெரியவை, பிடி மட்டும் அசுரப் பிடி. பாடம் முடிந்து எண்ணியிருக்க வேண்டும். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் மூடியை மூடிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவசரத்துக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் இருக்கும், அவளுக்கும் இருந்தது.

ஒரு குண்டை விழுங்கினால் பெரும்பாலும் தானாக வெளியே போய்விடும். இரண்டு போனால்தான் வினை. குடலின் இரண்டு மடிப்புகள் நடுவில் மாட்ட, குண்டுகள் ஒன்றையொன்று பிடித்து இறுக்கி ஓட்டை போட்டுவிடும். இது அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்தும்தான் கொண்டு வந்திருந்தாள்.

மூலை முடுக்கெல்லாம் துடைப்பத்தை விட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

"எங்கயாவது உருண்டு போயிருக்கும். இதைப் போய் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருப்பாங்களா?" என்றாள் தலைமை ஆசிரியை.

"யாராவது முழுங்கியிருந்தா?"

"ஏம்மா, வாயைக் கழுவு!"

இருவருக்கும் ஒரே ஆள்தான் நினைவுக்கு வந்தான். சாக்பீஸ். கரும்பலகைக்குக் கீழே எது கிடந்தாலும் அடுத்த நிமிடம் அவன் வாயில் இருக்கும். பெற்றவர்களே அந்தப் பெயரில்தான் கூப்பிட்டார்கள்.

டீச்சர் நேற்றுக் காட்டிய திசைகாட்டியை எடுத்தாள். பக்கத்தில் காந்தம் வந்தால் முள் திரும்பும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

"இன்னைக்கு ஒரு விளையாட்டு. யாருக்கு ரொம்பப் பசின்னு இந்த முள்ளு சொல்லும். வரிசையா வாங்க!"

சாக்பீஸ் இடித்துப் பிடித்து முதலில் வந்தான். முள் அசையவில்லை. "எனக்குத்தான் டீச்சர் பசி! முள்ளு பொய் சொல்லுது!" என்று அழாத குறையாகச் சண்டை போட்டான். நிம்மதியாக மூச்சு விடக்கூட டீச்சரால் முடியவில்லை. அவன் இல்லையென்றால் வேறு யார்?

ஒவ்வொரு வயிறாக வந்து போனது. கடைசியில் பூனை வந்து நின்றாள். வருவதும் போவதும் தெரியாத பிள்ளை என்பதால் அந்தப் பெயர். திசைகாட்டியை அவள் தொப்புளுக்குக் கீழே பிடித்ததும் முள் விருட்டென்று திரும்பியது. டீச்சர் மறுபடி பிடித்தாள். மறுபடியும் திரும்பியது.

"எத்தனை முழுங்கினே கண்ணு?"

பூனை ஒரு விரலைக் காட்டினாள்.

"இன்னொண்ணு எங்கே?"

வாயை இறுக மூடிக்கொண்டாள். கெஞ்சியும் பார்த்தாகிவிட்டது, மிட்டாய் ஆசையும் காட்டியாகிவிட்டது. ஒன்றா, இரண்டா என்று முள்ளும் சொல்லாது. தலைமை ஆசிரியை முகம் வெளுத்துப்போய் ஆம்புலன்ஸ் வண்டிக்குப் போன் செய்தாள்.

விஷயம் கேள்விப்பட்ட பூனையின் அம்மா, பயணச்சீட்டு வாங்கப் போன இடத்திலிருந்து அப்படியே ஓடி வந்தாள். வெளிநாட்டில் வேலை, இன்று இரவு விமானம். பிள்ளையைச் சித்தி வீட்டில் விடுவதாக ஏற்பாடு.

பூனை அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தோளில் தொங்கிய பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் திசைகாட்டியைப் பைக்கருகே கொண்டு போனாள். முள் திரும்பியது.

அம்மா பையின் உள் அறைக்குள் கையை விட்டாள். பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில், இரும்பு பட்டனில் இன்னொரு குண்டு ஒட்டியிருந்தது.

"எடுக்காதம்மா! எடுத்தா நீ போயிடுவே!" பூனை போட்ட கூச்சலில் வகுப்பே அடங்கிப்போனது. அந்தப் பிள்ளைக்கு இவ்வளவு குரல் உண்டென்று அன்றுதான் தெரிந்தது. "ஒண்ணு என் வயித்துல, ஒண்ணு உன் பையில. கடல் தாண்டினாலும் இழுக்கும்னு டீச்சர் சொன்னாங்க!"

சொன்னாள்தான். நேற்று, உள்ளங்கையில் ஒரு குண்டும் புறங்கையில் ஒரு குண்டுமாக வைத்து, நடுவில் கையே இருந்தாலும் விழாது என்று காட்டி முடித்த நேரம். மணி அடித்துவிட்டது. "எவ்வளவு தூரம் வரைக்கும் டீச்சர் இழுக்கும்?" என்று பூனை முந்தானையைப் பிடித்தாள். "ஊரு விட்டு ஊரு இழுக்கும்." "கடல் தாண்டினா?" "அப்பவும்தான். பையை எடு, கிளம்பு." பிள்ளையை அனுப்ப வாய்க்கு வந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

அம்மா பையைக் கீழே போட்டுவிட்டு, குண்டும் கையுமாகப் பிள்ளையைக் கட்டிக்கொள்ளப் பாய்ந்தாள்.

"கிட்டப் போகாதீங்க!" டீச்சர் குறுக்கே விழுந்து தடுத்தாள். "அது கையில இருக்கும்போது பிள்ளைகிட்டப் போகாதீங்க!"

அம்மா ஒவ்வோர் அடியாகச் சுவர் வரை பின்னால் போனாள். பூனை இரண்டு கைகளையும் நீட்டியபடி, அம்மா விலகி விலகிப் போவதையே பார்த்து நின்றாள். டீச்சருக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அம்மாவின் கையிலிருந்த குண்டைப் பிடுங்கித் தலைமை ஆசிரியையிடம் கொடுத்து வெளியே அனுப்பினாள். அதன் பிறகுதான் அம்மாவால் மகளைத் தூக்க முடிந்தது.

வண்டி வந்து நின்றது. அம்மாவின் இடுப்பிலிருந்து பூனை கேட்டாள்: "இழுக்கும்தானே டீச்சர்?"

இன்னொரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. டீச்சர் அதை விழுங்கிவிட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சமாக விரித்துக் காட்டினாள்.

"இவ்வளவுதான்டா இழுக்கும். நேத்து டீச்சர் தப்பாச் சொல்லிட்டேன்."

பூனை அந்த இடைவெளியில் தன் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கழுத்தை இரண்டு கைகளாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அம்மாவால் பையைத் தோளில் மாட்டிக்கொள்ள முடியவில்லை. டீச்சர்தான் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வண்டியில் ஏறினாள்.