நட்சத்திரம் கட்டாத வீடு

எங்கள் வீட்டு மேசையில் இனி ஒரு கேக் டப்பா வைக்கக்கூட இடமில்லை. டிசம்பர் பிறந்ததிலிருந்து அன்பியத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து எதையாவது நீட்டிவிட்டுப் போகிறார்கள். அன்பியம் என்பது எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்களின் ஜெபக்கூட்டம். பிறரன்புதான் அதற்கு முதல் வேலை என்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். அந்தப் பிறரன்பு முழுக்க இந்த வருஷம் என் தலையில் வந்து விழுகிறது.

என் வீட்டுக்காரர் மரிய அருள் ஜூன் மாதம் செத்துப்போனார். திருவாண்டார்கோயில் பக்கம் கம்பெனி வேலை. ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வந்தவரை லாரி அடித்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு ஜோஸ்பின் என்ற பேரே போய்விட்டது. 'பாவம் அந்தப் பொண்ணு' ஆகிவிட்டேன். டப்பா கொண்டு வருகிறவர்கள் யாரும் உட்காருவதில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, முகத்தைத் தொங்கப்போட்டு, "ஒடம்ப பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு ஓடுகிறார்கள். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டால், "ஐயோ, உனக்கு எதுக்கும்மா சிரமம்?" டீ போடுவதில் என்ன சிரமம்? எனக்குக் கையா ஒடிந்துவிட்டது?

போன வருஷம் வரைக்கும் அன்பியத்துக்கே அதிரசம் எங்கள் வீட்டில்தான் சுட்டோம். பாகுக்குப் பதம் பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்த வருஷம் மரிய சுகந்தி வீட்டில் வைத்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, வாசனை வந்துதான் தெரிந்தது. மறுநாள் சுகந்தி ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தாள். கடித்தால் பல் கையில் வந்துவிடும் போல இருந்தது. அந்தப் பதம் தப்பிய அதிரசத்தை வைத்துக்கொண்டு என் துக்கத்தை ஆற்றப் பார்க்கிறார்கள்.

எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் வருஷப் பூசை முடிகிற வரைக்கும் நட்சத்திரம் கட்டமாட்டார்கள். பலகாரம் சுடமாட்டார்கள், குடில் வைக்கமாட்டார்கள். வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கேரல் குழு, வாசலில் நட்சத்திரம் எரிகிற வீடாகப் பார்த்துத்தான் குழந்தை இயேசு சுரூபச் சிலையை எடுத்துக்கொண்டு நுழையும். நட்சத்திரம் இல்லாத வீட்டில் அவர்கள் வண்டி நிற்காது.

நான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். கேரல் எங்கள் வீட்டுக்கும் வரவேண்டும். மற்ற வீடுகளில் போலவே உள்ளே வந்து பாடி, கொடுத்ததைத் தின்று, தரையெல்லாம் மண்ணாக்கிவிட்டுப் போகவேண்டும்.

முதலில் மாமியாரிடம் கேட்டேன். "ஒரு சின்ன நட்சத்திரம் கட்டிக்கலாமா அத்தை?"

"எம்புள்ள மண்ணுல கெடக்குறான். உனக்கு லைட்டு கேக்குதா?" என்றார் அன்னாமேரி.

பிறகு அன்பியத் தலைவர் தனிஸ்லாஸ் மாமாவைப் பிடித்தேன். ஜெபக்கூட்டம் முடிந்து பாய் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, கேரல் எங்க வூட்டுக்கும் வரட்டும்."

"வேணாம்மா. டிரம் சத்தம் கேட்டா உனக்கு அருள் ஞாபகம் வந்துடும்."

"இப்ப மட்டும் மறந்துட்டனா மாமா?"

அவர் என் தலையில் கை வைத்தார். "உன் கஷ்டம் எங்களுக்குத் தெரியாதாம்மா?" என்றார். என் கஷ்டம் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. என்னிடம் கேட்கவேண்டிய அவசியமே யாருக்கும் இல்லை.

கேரல் நாளும் வந்தது. பொழுது சாய்ந்ததும் தெருமுனையில் டாட்டா ஏஸ் வண்டியின் ஸ்பீக்கர் அலற ஆரம்பித்தது. டிரம் அடித்தவன் அருண் சேவியர். போன வருஷம் வரைக்கும் அது என் வீட்டுக்காரர் வேலை, இவன் அவரிடம் கற்றுக்கொண்டவன். நான் தலை வாரி, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வரமாட்டார்கள் என்று தெரியும். தெரிந்தும்தான் கட்டினேன்.

பக்கத்து வீட்டில் பாடி முடித்தார்கள். வண்டி கிளம்பியது. எங்கள் கேட்டுக்கு நேராக வந்ததும் ஸ்பீக்கர் அணைந்தது. டிரம் நின்றது. வண்டியைச் சுற்றிக் கட்டியிருந்த சீரியல் பல்புகளைக்கூட அணைத்துவிட்டார்கள். இருட்டில் டயரில் மண் நசுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் சாவு ஊர்வலத்துக்குக்கூட பேண்டு வாத்தியம் உண்டு. அருளைக் கொண்டுபோனபோதும் வாசித்தார்கள். அவர் வீட்டைத் தாண்டும்போது மட்டும் ஊமையாகிறார்கள். நான் வெளியே ஓடி வண்டிக்குக் குறுக்கே நின்றேன்.

"நிறுத்துங்கடா!"

தனிஸ்லாஸ் மாமா பதறி இறங்கினார். "இன்னாம்மா? ஆஃப் பண்ணிட்டமே, இன்னும் சத்தம் கேட்டுச்சா?"

"எதுக்கு ஆஃப் பண்ணீங்க? அத சொல்லுங்க மொதல்ல! டப்பா டப்பாவா கொண்ணாந்து குடுத்தீங்களே, ஒருத்தராவது உள்ள வந்து குந்துனீங்களா? என் கையால ஒரு முழுங்கு தண்ணி வாங்கிக் குடிச்சீங்களா? நான் இன்னா தீண்டக்கூடாத சாமானா?"

அருண் சேவியர் டிரம் குச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றான். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அப்போது எனக்குப் பின்னால் கேட் திறந்தது. மாமியார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையைத் தலைக்கு முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு, சுரூபம் வைத்திருந்த சுகந்தியிடம் நேராகப் போனார். இரண்டு கையாலும் அதை வாங்கி உதட்டில் ஒற்றி முத்தி செய்தார். அப்படியே வீட்டுக்குள் நடந்தார்.

என்ன செய்வது என்று தெரியாமல் ஒட்டுமொத்தக் கூட்டமும் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பின்னாலேயே வந்தது. மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து சுரூபத்தை மடியில் வைத்துக்கொண்டார். இவர்கள் பாடினார்கள். முதலில் முணுமுணுத்தார்கள், நான் முறைத்த பிறகு குரல் வந்தது, டிரம்மும் வந்தது. பாட்டு முடிந்ததும் சுகந்தி கை நீட்டினாள்.

மாமியார் கொடுக்கவில்லை.

"அடுத்த வூட்ல காத்துக்கினு இருக்காங்க பெரிம்மா" என்றாள் சுகந்தி.

"இருக்கட்டும்டி. கொஞ்ச நேரம் வச்சிருக்கறன்."

தனிஸ்லாஸ் மாமா என்னைப் பார்த்தார். வாங்கிக் கொடு என்று அர்த்தம். என்னால் முடியவில்லை. நட்சத்திரம் கட்டட்டுமா என்று கேட்ட நான், குழந்தை இயேசு வீட்டுக்கு வரட்டுமா என்று இந்தப் பொம்பளையைக் கேட்கவே இல்லை. எல்லாரையும் திட்டினேனே, நானும் அதே கூட்டம்தான். வெட்கமாக இருந்தது, அதற்காகவும் கோபம் வந்தது.

கூடம் நிறைய ஆட்கள் நின்றார்கள். அருண் சேவியர் டிரம்மைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தான்.

"அண்ணி, தொண்ட காஞ்சி போச்சி. ஒரு டீ போடுங்களேன்."

ஜூன் மாதத்துக்கு அப்புறம் என்னிடம் யாராவது ஏதாவது வேண்டும் என்று கேட்டது அப்போதுதான்.

"இத்தினி பேருக்குப் பாலுக்கு எங்கடா போவேன்? வரும்போதே சொல்றதுக்கு உனக்கு இன்னா?" என்று கத்திக்கொண்டே சமையலறைக்குள் போனேன். கண்ணை நீர் மறைத்ததில் அடுப்பு சீக்கிரம் பற்றவில்லை. பெரிய குண்டான் பரண்மேல் இருந்தது. வந்து இறக்கிக் கொடுடா என்று அவனை இன்னொரு தடவை திட்டினேன்.