இல்லாத சாமானுக்கு வேலை

நிதுர்ஷன் கிணற்றடியில் தலைக்கு இரண்டாவது வாளியைக் கவிழ்த்த நேரத்தில்தான் வாவிப் பக்கம் இடி முழங்கியது. பெரிய இடியுமில்லை. ஆனால் மாமி பாலசுந்தரிக்குச் சின்ன இடி, பெரிய இடி என்ற பேதமெல்லாம் கிடையாது. போன மாரியில் வயல் வட்டைக்குள் மேய்ந்த பசுவை மின்னல் கொண்டுபோனதிலிருந்து, வானம் ஒருதரம் இருமினாலே போதும், மனுஷி வீட்டிலுள்ள பிளக்குகளையெல்லாம் பிடுங்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். டீவி, பிரிட்ஜ், கடைசியாக மருமகனின் கறுத்தக் கொம்பியூட்டர் பெட்டி.

அந்தப் பெட்டி செய்துகொண்டிருந்த வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். இணையத்தில் ஓடுகிற தகவல்களைச் சின்னச் சின்னப் பொதிகளாக வாங்கி, எது எந்த வழியால் போகவேண்டும் என்று திருப்பிவிடுகிற ஒரு சிப். அது இன்னும் உலகத்திலேயே இல்லை. செய்வதற்கு முன்னமே அது எப்படி நடந்துகொள்ளும் என்று மென்பொருளில் ஓட்டிப் பார்ப்பதுதான் நிதுர்ஷனின் உத்தியோகம். கம்பனி கொழும்பில், அவன் இருக்கிற கதிரை வவுணதீவில், பெண்சாதி வீட்டு முன்னறையில். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்துவிடுவது இந்தப் பக்கத்து வழமை, அப்படி வந்தவன். “எங்கட மருமகன் இல்லாத சாமானுக்கு வேல செய்யிறார்” என்று பாலசுந்தரி அயலுக்கெல்லாம் பெருமையடிப்பார். அவனிடம் நேரே மட்டும் வாய் திறக்கமாட்டார். மாமிக்கும் மருமகனுக்கும் நடுவில் ஒரு மரியாதை, ஒரு கூச்சம். மகள் யசோதினி ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போன நாட்களில் முற்றத்துக் கோழியைப் பார்த்து, “மீனாணம் ஆறுது, ஆரும் சாப்பிடுற மாதிரிக் காணல்ல” என்பார். அவன் எழும்பிப் போய், மீன்குழம்பை ஊற்றிச் சாப்பிடுவான்.

அந்தச் சிப் ஒரு நாள் அவன் திரையில் உறைந்து நின்றுவிட்டது. பொதிகள் போய்வருகிற ஒரு வாசல் இடம் விட்டால்தான் மற்ற வாசல் நகரும். மற்றது நகர்ந்தால்தான் இது இடம் விடும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன. பொதிகளைத் தாறுமாறாக விட்டுப் பார்த்த நேரம் அது. எந்த ஒழுங்கில் விட்டான் என்று பதிந்து வைக்கவில்லை, மடையன். திரும்ப ஓட்டினால் அந்தப் பிழை வரவேயில்லை. உன் வீட்டுக் கரண்ட்தான் பிழை என்று கம்பனியின் இணையக் கூட்டத்தில் ஒருவன் பகிடி விட, எல்லாரும் சிரித்தார்கள். இன்று பின்னேரக் கூட்டத்தில் அதைக் கண்முன் காட்டாவிட்டால் சிப்பின் வடிவமைப்பு அப்படியே தொழிற்சாலைக்குப் போய்விடும். அச்சானபிறகு யார் திருத்துவது? அதற்காகத்தான் விடியலிலிருந்தே ஓடவிட்டிருந்தான்.

துவாயோடு உள்ளே வந்தவன் இருண்ட திரையைக் கண்டான்.

“இடி முழங்கிச்சு மனே. எல்லாத்தையும் கழட்டிட்டன். பெட்டிக்கு ஒண்டும் ஆகல்ல.”

பாலசுந்தரி வாசலில் நின்றார். கோழியை அல்ல, அவனைப் பார்த்தே சொன்னார்.

நிதுர்ஷன் துவாயால் தலையைத் துவட்டத் தொடங்கினான். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல்தரம் நேரே பேசுகிறார். அதுவும் ‘மனே’ என்று, சொந்த மகனைக் கூப்பிடுவதுபோல. இதற்குப் போய் எப்படி எரிந்து விழுவது? தவிரவும், கரண்ட் போனாலும் பெட்டியைத் தாங்கவேண்டிய யூபிஎஸ் செத்துக் கிடக்க, நாளைக்கு வாங்குவோம் நாளைக்கு வாங்குவோம் என்று தள்ளியவன் அவன்தானே. ஆனால் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது.

“நான் எதையும் கெடுத்திட்டனா?”

“காலையில இருந்து ஓடினது மாமி. அணைஞ்சு போச்சு. பரவாயில்ல, திரும்பப் போடுறன்.”

“நானொரு விசரி!” பாலசுந்தரி தலையில் அடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

முழுதாக ஓட்ட இனி நேரமில்லை. உள்ளதை உள்ளபடியேதான் ஓட்டவேண்டும் என்று இவ்வளவு நாளும் பிடிவாதமாக இருந்தவன், இப்போது வேறு வழியில்லாமல் பொதிகள் காத்து நிற்கிற இடத்தை நன்றாக ஒடுக்கிவிட்டான். பிழை உண்மையிலேயே இருந்தால், நெருக்கடியில் கெதியாக வெளியே வரும். வராவிட்டால் அவன் கதை கந்தல்தான்.

கூட்டம் தொடங்கியபோது மழை கூரையில் கொட்டியது. திரையைப் பகிர்ந்துவிட்டு நிதுர்ஷன் நகம் கடித்தான். படாரென்று ஒரு இடி. பாலசுந்தரி குசினியிலிருந்து ஓடி வந்தார்.

“மாமி, வேணாம்!”

அவர் கழற்ற வரவில்லை. சுவரோடு குந்தி, ஓட்டைக்குள் லேசாக ஆடிக்கொண்டிருந்த கொம்பியூட்டர் பிளக்கை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“கைய எடுங்க மாமி, அது தானா நிக்கும்.”

“நீங்க வேலயப் பாருங்க மனே. மாமாங்கப் பிள்ளையாரே…”

திரையில் ஓடிக்கொண்டிருந்த எண்கள் தடுமாறின. பிறகு அப்படியே நின்றன. ஒன்றும் அசையவில்லை.

“நிண்டுட்டு! மாமி, நிண்டுட்டு!”

“ஐயோ, நான் அசைக்கவே இல்ல மனே!”

“நிக்கத்தான் மாமி வேணும்!”

ஹெட்போனுக்குள் இந்தமுறை ஒருவரும் சிரிக்கவில்லை. தலைமைப் பொறியியலாளர்தான் முதலில் பேசினார். அந்த ஒடுக்கிய அளவிலும் ஒருக்கா, உண்மையான அளவிலும் ஒருக்கா ஓட்டிக் காட்ட முடியுமா, எவ்வளவு நேரமென்றாலும் காத்திருக்கிறோம் என்றார்.

நிதுர்ஷன் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டான். மின்னல் முன்னறையை வெள்ளையாக்கிவிட்டுப் போக, வீட்டுக்கு நேர் மேலே வானம் வெடித்தது. பாலசுந்தரி கண்ணை இறுக மூடி, மற்றக் கையையும் கொண்டுவந்து பிளக்கின் மேல் வைத்தார்.