இருநூற்று நாற்பது அடி

கல்லூரி பேண்டில் சேர்ந்தவர்களுக்கு முதல் நாள் சொல்லித்தரும் பாடம் ஊதுவதோ கொட்டுவதோ அல்ல. நடக்கும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். முன்னால் போகிறவன் பிடரியைப் பார்த்து நட. பின்னால் வருகிறவன் உன் பிடரியைப் பார்த்து வருவான். ஒருவர் திரும்பினால் இருபத்திரண்டு பேரின் கால்களும் குழம்பிவிடும். நல்ல விதிதான். ஒருவனைக் காவு கேட்கும் வரைக்கும் நல்ல விதியாகவே இருந்தது.

ஜோஸ்னாவுக்கு அதை முதலில் சொன்னது பேண்டு அல்ல, சஜன். அவள் குன்னத்துகாலிலிருந்து பஸ்ஸில் வந்து பி.எஸ்சி. கணிதம் படிக்கிறவள். சேர்ந்த வருஷம் இரண்டாவது மாடி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குவாள். முதல் செமஸ்டரில் இரண்டு பேப்பர் போய்விட்டது. உடம்பும் படிப்பும் பேசிவைத்துக்கொண்டு கைவிட்ட காலம் அது. கூடப் படித்த சஜன்தான் மைதானத்து மதிலில் உட்கார்ந்துகொண்டு அவளை ஓடவைத்தான். அவன் அதியன்னூர்க்காரன், பேண்டில் பெரிய டிரம் அடிக்கிறவன். அந்த ஒல்லி உடம்பில் அதை மாட்டிக்கொண்டு வந்தால் டிரம்முக்குக் கால் முளைத்து நடப்பதுபோல இருக்கும்.

"இன்னும் எவ்வளவு தூரம் உண்டுன்னு பாக்காத. வந்த தூரத்தத் திரும்பியும் பாக்காத. எண்ணு, அது மதி, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றான்.

அவள் எண்ணினாள். முதல் வாரம் நூறு அடியில் உட்கார்ந்தவள் மூன்று மாதத்தில் மைதானத்தைப் பத்துச் சுற்று சுற்றினாள். எண்ணிப் பழகியபின் பாடமும் வசப்பட்டது. எவ்வளவு நீளமான கணக்கானாலும் அடுத்த வரி, அதற்கு அடுத்த வரி என்று போய்க்கொண்டே இருந்தாள். போன பேப்பர் இரண்டையும் எழுதித் தேறினாள். மூன்றாம் செமஸ்டரில் வகுப்பில் நான்காவதாக வந்தாள். பேண்டில் சேர்ந்து சைடு டிரம்மையும் தோளில் மாட்டினாள். சும்மா சொல்லக்கூடாது, அவளைப் பார்த்து அவளுக்கே பெருமையாக இருந்தது. ஓடச் சொன்னவன் ஒரு நாளும் கூட ஓடியதில்லை என்பதை மட்டும் அவள் கவனிக்கவில்லை.

கவனிக்க வைத்தது டிரம்தான். பேண்டில் சஜன் கடைசி வரிசையில் தனியாக வருவான், அவனுக்குப் பின்னால் யாரும் கிடையாது. அவனுக்குத் தொட்டு முன்னால் ஜோஸ்னா. நிமிஷத்துக்கு நூற்றிருபது அடி என்பது நடையின் கணக்கு. பெரிய டிரம் முழங்கும்போதெல்லாம் எல்லோருடைய இடது காலும் ஒன்றாக விழ வேண்டும். ஒரு நாள் நடுவழியில் நான்கு அடிக்கு அந்த முழக்கம் வரவில்லை. மற்றவர்களின் கால் தடுமாறுவதற்குள் ஜோஸ்னா தன் டிரம்மில் தாளத்தைப் பிடித்துக்கொண்டாள். ஐந்தாவது அடியில் சஜன் வந்து சேர்ந்துகொண்டான்.

பயிற்சி முடிந்து பார்த்தபோது அவன் டிரம்மின் மறைவில் குந்தியிருந்தான். உதடு நாவல்பழம் தின்றதுபோலக் கறுத்திருந்தது. அவள் விடாமல் கேட்டு விஷயத்தை வாங்கினாள். பிளஸ் டூ படிக்கும்போது ஒரு தடவை மயங்கி விழுந்திருக்கிறான். நெய்யாற்றின்கரையில் பார்த்த டாக்டர், இதயத்தின் சதை தடித்திருக்கிறது, ஓடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, உடனே திருவனந்தபுரத்துக்குப் போ என்று எழுதிக் கொடுத்தார். இவன் போனது நேர் எதிர்த்திசையில். பஸ் ஏறி மாநில எல்லையைத் தாண்டி, முன்பின் தெரியாத ஒரு டாக்டரிடம் மயக்கத்தைப் பற்றி மூச்சுவிடாமல், உடல் தகுதிச் சான்றிதழ் வாங்கிவந்தான். இந்தப் பக்கம் கிடைக்காதது அந்தப் பக்கம் கிடைக்கும், அந்தப் பக்கம் கிடைக்காதது இந்தப் பக்கம் கிடைக்கும் என்பது எல்லையில் பிறந்தவர்களுக்குப் பால்குடியிலிருந்தே பழக்கம். அந்தப் பழக்கத்தில் உயிரையும் சேர்த்துவிட்டான், மடையன்.

அவனுக்குப் பட்டாளத்து பேண்டில் சேர வேண்டும். அதற்கு முன்னால் திருவனந்தபுரத்தில் கல்லூரிகளுக்கிடையே நடக்கும் போட்டியில் பேர் வாங்க வேண்டும்.

"போட்டி ஒண்ணு கழியட்டு, நானே ஆசுபத்திரிக்குப் போறேன். நீ ஆரிட்டயும் பறையப்பிடாது மக்கா" என்றான். ஆறிலும் சாவு நூறிலும் சாவு என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் சத்தியம் செய்துகொடுத்தாள். தன்னை ஆளாக்கியவனுக்கு வேறு என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தாள்.

நான்கு அடி எட்டாயிற்று, எட்டு பதினாறாயிற்று. முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைக்க முடியும்? முன்னால் கோலைச் சுழற்றிக்கொண்டு போகும் பேண்டுத் தலைவி லேகா ஒரு நாள் நிறுத்திக் கேட்டுவிட்டாள், அதென்ன நடுவில் சைடு டிரம் மட்டும் தனியாகக் கேட்கிறது என்று. புதிதாக ஒன்று முயற்சி செய்கிறோம் என்று ஜோஸ்னா வாயில் வந்ததைச் சொன்னாள். லேகாவுக்கு அது பிடித்துப்போயிற்று. பாட்டிலேயே சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து பெரிய டிரம் நின்றால் யாரும் திடுக்கிடவில்லை, அழகாக இருக்கிறது என்றார்கள். அவர்கள் அழகு என்று சொல்லச் சொல்ல ஜோஸ்னா விட்டுப்போன அடிகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் அதியன்னூருக்கே போனாள். சஜனின் அம்மா கிருபாபாயிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் போனாள். கிருபாபாய் மகனின் வெள்ளைச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இவன் விழுந்த அன்னையில இருந்து எனக்கு உறக்கம் இல்லாம இருந்தது மக்கா. இப்ப டாக்டரே எழுதித் தந்தாச்சு, ஒரு கொழப்பமும் இல்லேன்னு. அந்த சர்டிபிகேட்டு கடலாச வேதப்புத்தகத்துக்குள்ள வச்சிருக்கேன் ஆக்கும்" என்றாள்.

அவளுக்குப் பின்னால் வாசலில் நின்ற சஜன் ஜோஸ்னாவைப் பார்த்தான். கிருபாபாய் வைத்துக்கொடுத்த மரச்சீனிக் கிழங்கையும் மீன்கறியையும் ஜோஸ்னா தின்றாள், மாமி வாறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

போட்டிக்கு ஐந்து நாள் இருந்தது. மைதானத்தைப் புதுக் கட்டிடத்துக்காகத் தோண்டிப் போட்டிருந்ததால் பயிற்சியைச் சானல் கரை ரோட்டுக்கு மாற்றியிருந்தார்கள். கால்வாயில் தண்ணீர் விடாத மாதம். ஒரு பக்கம் காய்ந்துகிடந்த கால்வாய், மறுபக்கம் ரப்பர் மரங்கள். காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத ரோடு. முந்தின நாள் சஜனுக்கு முப்பது அடிவரை கை எழும்பவில்லை. அதனால் ஜோஸ்னாவே அவனிடம் ஒரு யோசனை சொல்லியிருந்தாள்.

"எலே, நாளைக்கு முடியலேன்னா அப்பிடியே கரையில இருந்துரு. நான் பாத்துக்கிடுவேன்."

அவன் தலையாட்டியிருந்தான்.

ஆறரை மணிக்குப் பேண்டு புறப்பட்டது. இரண்டு பாட்டு முடியும்வரை ஒரு குறையும் இல்லை. மூன்றாவது பாட்டில், ரோடு வளைகிற இடத்தில், பெரிய டிரம் நின்றது. ஜோஸ்னா எடுத்துக்கொண்டாள். எட்டு. பதினாறு. பின்னால் ஏதோ கனமானது சரிவில் உருண்டதுபோல ஒரு சத்தம், ஊதுகிறவர்களின் இரைச்சலில் கேட்டதா இல்லையா என்று அவளுக்கே நிச்சயமில்லை. முப்பத்திரண்டு. உட்கார்ந்துவிட்டான், நான் சொன்னபடி உட்கார்ந்துவிட்டான் என்று நினைத்தாள்.

அறுபத்துநான்கு. அவளுடைய கழுத்து திரும்பப் பார்த்தது. திரும்பினால் வரிசை குழம்பும். லேகா என்னவென்று கேட்பாள். கேட்டால் சத்தியம் போயிற்று, போட்டி போயிற்று, சஜன் பிறகு முகத்தில் விழிக்கமாட்டான். அவள் லேகாவின் தொப்பியில் கண்ணை நட்டுக்கொண்டு கொட்டினாள். அன்றைக்கு என்னவோ கை அவ்வளவு சுத்தமாக விழுந்தது. முன்வரிசையில் ஊதிக்கொண்டிருந்தவர்களும் அதற்கு ஏற்றபடி நிமிர்ந்து நடந்தார்கள்.

நூற்றிருபது. ஒரு நிமிஷம் ஆகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரியாமல் எப்படி இருக்கும், எண்ணுகிறவள் அவள். தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பான் என்று சொல்லிக்கொண்டாள். நூற்றெண்பது. பயம் நெஞ்சுக்குள் நன்றாக உட்கார்ந்துவிட்டது, ஆனால் கால் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்படித்தானே பழக்கியிருந்தாள்.

இருநூற்று நாற்பதாவது அடியில் லேகா கோலை உயர்த்தி, திரும்பும்படி கட்டளை கொடுத்தாள். இருபத்தொரு பேரும் ஒன்றுபோலத் திரும்பினார்கள். வளைவு வரைக்கும் ரோடு வெறுமையாகக் கிடந்தது.

ஜோஸ்னா டிரம்மைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். ஒரு காலத்தில் மாடி ஏற முடியாதவளைப் பையன்களால்கூட எட்டிப்பிடிக்க முடியவில்லை. வளைவுக்கு அப்பால் சஜன் குப்புறக் கிடந்தான். பெரிய டிரம் உருண்டுபோய்க் கால்வாயின் அடியில் கிடந்தது. அவனைப் புரட்டிப் போட்டு, கல்லூரியின் முதலுதவி முகாமில் படித்தபடி நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அமுக்கினாள். முப்பது தடவை அமுக்கி, இரண்டு தடவை மூச்சு கொடுத்து, மறுபடியும் முப்பது. லேகா மாறிக்கொள்ளலாமா என்று கேட்டபோது வேண்டாம் என்றாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் கை சோரவில்லை. அந்த உடம்பு அன்றைக்கு எதற்காகப் பழகியதோ அதற்கு உதவியது, ஆனால் பிந்திப்போய் உதவியது.

ஆஸ்பத்திரியில் சஜனின் இதயம் மறுபடி துடித்தது. ஆனால் அவன் கண் திறக்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு பெண் டாக்டர் வெளியே வந்து, விழுந்து எத்தனை நேரம் கழித்து நெஞ்சை அமுக்கத் தொடங்கினீர்கள் என்று மலையாளத்தில் கேட்டாள். மூளைக்கு எவ்வளவு நேரம் ரத்தம் போகவில்லை என்பது தெரிய வேண்டும், சரியாகச் சொல்லுங்கள் என்றாள்.

"அப்பத்தன்னே" என்றார் பேண்டுக்குப் பொறுப்பான ஆசிரியர். விழுந்த உடனேயே என்று அர்த்தம். பயிற்சிக்கே வராதவர் அவர். லேகா தரையைப் பார்த்தாள். பெஞ்சில் இருந்த கிருபாபாயின் மடியில் அந்த வேதப்புத்தகம் இருந்தது.

ஜோஸ்னா முன்னால் வந்தாள்.

"இல்ல. இருநூத்தி நாப்பது அடி. ரெண்டு நிமிஷம். நாங்க ஓடி வந்தது ஒரு முக்கா நிமிஷம்" என்றாள். நெய்யாற்றின்கரை டாக்டர் சொன்னதையும், எல்லைக்கு அப்பால் வாங்கிய சான்றிதழையும், நான்கு அடி முப்பதானதையும், கரையில் உட்காரச் சொன்னது தான்தான் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டாள். அடியை எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறாய் என்று கேட்டாள்.

"எண்ணிட்டிருந்தேன்."

டாக்டர் உள்ளே போனதும் கதவு சாத்திக்கொண்டது. கிருபாபாய் எழுந்து வந்து ஜோஸ்னாவின் எதிரே நின்றாள். அடிப்பாள் என்று ஜோஸ்னா நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

"அவ்வளவு நேரம் எண்ணினியே மக்கா" என்றாள் கிருபாபாய். "அதில ஒருக்கா திரும்பிப் பாத்திருக்கப்பிடாதா?"

திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிக்கொடுத்தவன் கதவுக்கு அந்தப் பக்கம் கிடந்தான். அதை அவனுடைய அம்மாவிடம் ஜோஸ்னாவால் சொல்ல முடியவில்லை.