சித்தப்பாவின் மாத்திரை

சித்தப்பாவுக்கு ரத்த அழுத்தம். எங்கள் குடும்பத்தில் மருந்தைப் பற்றிப் படித்தவள் நான் ஒருத்திதான். மருந்துக் கடையும் நடத்துகிறேன். ஆனால் மனிதர் என் பேச்சைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. பிரஷர் மாத்திரை மூளையைக் கரைக்கும் என்று ஊர் பேர் தெரியாத எவனோ எழுதியதை வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு, மாத்திரையை நிறுத்திவிட்டார். அதோடு விட்டாரா? குடும்பக் குழுவிலும் போட்டார், கீழே கைகூப்பும் படம் வேறு.

கெஞ்சினேன், திட்டினேன், டாக்டரையே பேச வைத்தேன். மசியவில்லை. ஒருநாள் மாடிப்படியில் தலைசுற்றி, கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர்.

சரி, அவர் வழிக்கே போவோம் என்று துணிந்தேன். ரோஜாப்பூ படத்தின்மேல் சிவப்பு எழுத்தில் எழுதினேன்: 'டாக்டர்கள் மறைக்கும் ரகசியம்! பிரஷர் மாத்திரையை விடாமல் போடுபவர்களுக்கு மூட்டுவலி வராது! அனைவருக்கும் பகிரவும்!' 'பலமுறை பகிரப்பட்டது' என்ற குறி இல்லாத எதையும் அவர் நம்பமாட்டார். அதனால் தோழிகளிடம் நாலு சுற்று சுற்றவிட்டு, சித்தப்பாவின் தங்கையான அத்தையின் போனுக்குப் போய்ச் சேரும்படி செய்தேன். அத்தையின் விரல் சும்மா இருக்குமா? அண்ணனுக்கு உடனே அனுப்பிவிட்டாள்.

மறுநாளே சித்தப்பா மாத்திரை போட்டார். சில நாளில் அழுத்தமும் இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது. அத்தை கடைக்கு வந்தாள். அவளுக்குப் பிரஷரே கிடையாது, மூட்டுவலிதான். அண்ணன் போடும் அதே மாத்திரையில் ஒரு அட்டை வேண்டுமாம். கூடவே அவள் தெருக்காரிகள் மூன்று பேர். டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றதும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

அப்போதே குடும்பக் குழுவில் எழுதினேன். அந்தச் செய்தியை உண்டாக்கியவள் நான்தான், அத்தனையும் பொய், டாக்டர் எழுதித் தராமல் யாரும் அந்த மாத்திரையைத் தொடாதீர்கள், சித்தப்பா மட்டும் நிறுத்தக்கூடாது என்று. அனுப்பிய பிறகுதான் உறைத்தது. இதைப் படித்துவிட்டு மறுபடி நிறுத்திவிட்டால்?

சித்தப்பாவே கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"எவனோ உன் பேர்ல புகுந்து குரூப்ல கண்டதையும் எழுதறாம்மா. நம்ம வீட்டுப் பொண்ணு பொய் சொல்ல மாட்டா, யாரும் நம்பாதீங்கன்னு எல்லாருக்கும் போட்டுட்டேன். நீ கவலப்படாதே. நான் மாத்திரைய விடல."

"சித்தப்பா, அத எழுதினது நான்தான்."

அவர் சித்தியிடம் சொல்வது கேட்டது.

"இங்க பாரேன், குரல்கூட நம்ம பொண்ணு மாதிரியே பேசறான்."

போனை வைத்துவிட்டார்.