ராம்ஸ்பாட்டம் என்கிற ராமபக்தன்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையது இல்லை. கோலாலம்பூர் போகிற வழியில், லாபுவில் ரயிலேறி என் பக்கத்தில் உட்கார்ந்த ரோகினியுடையது. எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதலாம், ஆனால் அப்பா படிக்கிற பத்திரிகையில் போடக் கூடாது என்றாள். அப்பா எதைப் படிப்பார் என்று கேட்டேன். தமிழில் வருகிற எல்லாவற்றையும் படிப்பார் என்றாள். அப்புறம் ஏன் சம்மதித்தாள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

நான் எழுதிய முதல் தொடக்கம்:

"செம்பனை மரங்களுக்கிடையே பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது, அந்த வெள்ளைக்காரர்"

இதற்கு மேல் போகவில்லை. அவர் வந்தது உச்சி வெயிலில், குடையோடு.

இரண்டாவது தொடக்கம்:

"லங்காஷயரின் ஈரமான பள்ளத்தாக்கு ஒன்றில், பல நூற்றாண்டுகளுக்கு முன்பு"

இப்படித் தொடங்கினால் அறுநூறு பக்கம் எழுத வேண்டும். என் முதுகு இடம் கொடுக்காது. லாபுவிலிருந்தே தொடங்குகிறேன்.

2

அந்தத் தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருந்தது. பிறகு மலாயில் ஒன்று வந்தது. கம்பெனி கைமாறியதும் அதுவும் போய் இன்னொன்று வந்தது. தமிழர்களுக்கு மட்டும் அது என்றைக்கும் ராமபக்தன் தோட்டம்.

ரப்பர் காலத்தில் அங்கே இருந்த துரையின் பெயர் ராம்ஸ்பாட்டம். பால் வெட்டுகிறவர்களின் நாக்கில் அது ராம்சுபாத்தம், ராம்பத்தம், ராமபத்தன் என்று வழுக்கிக்கொண்டே வந்தது. கடைசியில் எழுதத் தெரிந்த யாரோ ஒருவர் அதைத் திருத்தி ராமபக்தன் என்று நிறுத்தினார். கடல் கடந்து வந்த துரை ராமபக்தராக இருக்கிறாரே என்று சனங்களுக்குத் தாங்க முடியாத பூரிப்பு. தாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஒரு ராமர் கோயிலைக் கட்டிவிட்டார்கள். துரை தடுக்கவில்லை. (அவருக்கு விஷயமே புரிந்திருக்காது என்பது என் ஊகம். பாவம், அப்படி எழுதாதீர்கள் என்றாள் ரோகினி. அதனால் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன்.)

வெட்டுக்காரர்களை மேய்த்த மண்டோர் முருகையா, அந்தப் பூரிப்பிலேயே தன் மகனுக்கு ராமபக்தன் என்று பெயர் வைத்தார்.

[இந்த இடத்தில், குழந்தை நல்ல சிவப்பா என்று கேட்கிற வாசகர்கள் உண்டு. நானும் கேட்டேன். "தாத்தா எங்க எல்லாரையும்விடக் கறுப்பு லா" என்றாள் ரோகினி. அந்தக் கிளைக்கதை அங்கேயே முறிந்தது.]

பெயரை வைத்தவர் வைத்துவிட்டுப் போய்விட்டார். சுமந்தவர்தான் அதற்கு ஏற்ப நடந்துகொள்ள வேண்டியிருந்தது. சின்ன ராமபக்தன் வளர்ந்து மாமிசத்தை விட்டார். வெங்காயத்தை விட்டார். பூண்டு அவர் வீட்டு வாசற்படி ஏறவில்லை. அவருடைய மகன் தங்கராஜு, தோட்டத்து லாரியை ஓட்டி ஓய்வு பெற்றவர், இப்போது கோயில் தலைவர், அப்பாவையே மிஞ்சினார். பக்கத்து வீட்டில் பூண்டு தாளித்தால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார்.

தங்கராஜுவின் ஒரே மகள் ரோகினி. கோலாலம்பூரில் அவளுடைய அலுவலகத்துக்குக் கீழே பூண்டு ரொட்டி விற்கும் கடை ஒன்று இருக்கிறது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

3

இப்போது சிக்கலைக் கொண்டுவர வேண்டும். சிக்கல் தானாகவே வந்தது. தோட்டத்தில் வீடுகள் கட்டப் போவதாகக் கம்பெனி அறிவித்தது. கோயிலை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர்கள் காட்டிய வேறிடம் சாக்கடை நீர் சுத்திகரிக்கும் குளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இந்த நிலம் துரை கொடுத்தது என்று தங்கராஜு வாதாடினார். சாட்சி உண்டா என்று கேட்டார்கள். இல்லை.

அந்த நேரம் பார்த்து, ரோகினி எப்போதோ கோயில் பலகையைப் படமெடுத்து, பெயர் வந்த கதையோடு இணையத்தில் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு ஒருவர் எழுதினார். அவர் பெயர் காலின் ராம்ஸ்பாட்டம். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபது வயது. அந்தத் துரை அவருடைய தாத்தாவின் தம்பி. தன் குடும்பப் பெயர் எங்கே பிறந்து எங்கெல்லாம் அலைந்தது என்று தேடிப் போவதுதான் ஓய்வுக்குப் பிறகு அவருக்கு வேலை. லாபுவுக்கும் வரலாமா என்று கேட்டிருந்தார்.

செய்தி கேட்டுத் தங்கராஜு ராமர் படத்தின் முன்னால் நின்று அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு திட்டம் போட்டார். புரட்டாசி சனிக்கிழமை. கம்பெனி அதிகாரி என்சிக் ஹாலிமையும் அழைப்பது. துரை வம்சத்தவர் மேடையேறி, எங்கள் பரம்பரையே ராமபக்தப் பரம்பரை என்று எல்லோர் முன்னாலும் சொல்வது. ரோகினி தமிழில் மொழிபெயர்ப்பது.

4

இங்கே காலின் எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தார். முதல் வரைவில் அவரை ஆணவக்காரராக எழுதினேன். தொப்பி, சுருட்டு, ஏளனச் சிரிப்பு. ரோகினி படித்துவிட்டு, தன் சின்ன மைவி காருக்குள் அவர் காலை மடக்கி உட்காரவே சிரமப்பட்டு, ஒவ்வொரு வளைவிலும் மன்னிப்புக் கேட்ட மனிதர் என்றாள். சுருட்டைப் பிடுங்கிவிட்டேன்.

சிரம்பான் ஹோட்டலிலிருந்து அவரைத் தோட்டத்துக்கு அழைத்து வந்தது அவள்தான். வழியெல்லாம் அவர் பெயரின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். லங்காஷயர் பள்ளத்தாக்கு ஒன்றின் பெயர் அது. அங்கே பிழைக்க வழியில்லாமல் கிளம்பியவர்கள் ஊர்ப்பெயரைத் தங்கள் பெயராக்கிக்கொண்டு மான்செஸ்டர் பஞ்சாலைகளுக்குப் போனார்கள். ஆலையில் தூசி தின்று இருமியவர்களின் பிள்ளைகளில் ஒருவர் இலங்கைத் தேயிலைக்குப் போய், அங்கிருந்து மலாயா ரப்பருக்கு வந்தார். இன்னொருவர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். ரோகினிக்கு அது தன் வீட்டுக் கதை போலவே கேட்டது, கப்பலில் கிடைத்த இடம் மட்டும் வேறு.

பெயருக்கு அர்த்தம் என்ன என்று அவள் கேட்டாள்.

ராம்சன்ஸ் என்னும் செடி முளைக்கும் பள்ளத்தாக்கு என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள் என்றார்.

"ராம்சன்ஸ் என்றால்?"

"காட்டுப் பூண்டு."

ரோகினி பிரேக்கை மிதித்தாள். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனிலேயே திட்டித் தீர்த்தார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, வேறு அர்த்தம் ஏதும் உண்டா என்று கெஞ்சுகிற குரலில் கேட்டாள். உண்டு, செம்மறிக் கடாப் பள்ளத்தாக்கு என்றும் சிலர் சொல்வதுண்டு என்றார் காலின்.

ஒன்று பூண்டு, இல்லாவிட்டால் கடா. சைவமாக ஒன்றுகூட இல்லை.

உங்கள் துரை தாத்தாவுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா என்று கடைசியாகக் கேட்டுப் பார்த்தாள். கிரிக்கெட்டில் உண்டு என்றார் அவர்.

5

ரோகினி இப்போது என்ன செய்திருக்க வேண்டும்? எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குச் சில ஆசைகள் இருந்தன. அவள் மேடையில் மயங்கி விழலாம். மைக் கெட்டுப்போகலாம். திடீரென்று மழை

மழை இல்லை. மைக் பிரமாதமாக வேலை செய்தது. தோட்டத்தை விட்டு நீலாய்க்கும் பெடாசுக்கும் போய்விட்டவர்கள்கூடத் திரும்பி வந்திருந்தார்கள். காலினுக்குக் கழுத்து மறையும் அளவு மாலை. முன்வரிசையில் என்சிக் ஹாலிம், கையில் மோர்.

காலின் எழுந்து, பெயரின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். ரோகினி வாக்கியம் வாக்கியமாகத் தமிழாக்கினாள். பிறகு அந்த வாக்கியம் வந்தது. எங்கள் பெயருக்கு ராம்சன்ஸ் பள்ளத்தாக்கு என்று பொருள் என்றார். கூட்டத்தில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் தெரியும், ஆனால் ராம்சன்ஸ் யாருக்கும் தெரியவில்லை. என்சிக் ஹாலிமும் விழித்தார்.

அப்பா கைகூப்பி நிற்பதை ரோகினி பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஒரு காட்டு மூலிகை மணக்குற பள்ளத்தாக்கு. அதுதான் இந்தப் பேருக்கு அர்த்தம்னு சொல்றாரு."

பொய் இல்லை. பூண்டு மூலிகை இல்லை என்று எந்த வைத்தியராவது சொல்லட்டும்.

பஜனைக் குழுவில் முதல் குரல் மங்கம்மாவுடையது. அவர் மெதுவாக எழுந்து நின்றார்.

"மூலிகை மலைய யாரு தூக்கிட்டு வந்தது? ராமபக்தன்தானே. அனுமாரு."

இதை ரோகினி மொழிபெயர்க்கவில்லை, நானும் கற்பனை செய்யவில்லை. மங்கம்மா சொன்னதும் கோயில் முழுக்கக் கைகள் தலைக்கு மேல் போயின. தங்கராஜு காலினின் காலில் விழப் போனார். பதறிப்போய்க் காலின் அவரைத் தாங்கிப் பிடித்தார். இரண்டு பழைய ஓட்டுநர்களும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டே நின்றார்கள்.

என்சிக் ஹாலிம்தான் ஆங்கிலத்தில் கேட்டார், உங்கள் தாத்தா இந்த நிலத்தைக் கொடுத்தாரா என்று.

காலின் கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டார்.

தெரியாது என்றார் அவர். தெரியாததைச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று தெரியும் என்று சொல்லிவிட்டு நிறுத்தி, ரோகினியைப் பார்த்து, இதைச் சரியாகச் சொல்லுங்கள் அம்மா என்றார். அவள் சொன்னாள்:

"இவரோட பேர்ல 'பாட்டம்' இருக்கு. அதுக்கு இங்கிலீஷ்ல பின்பக்கம்னும் அர்த்தம். பள்ளிக்கூடத்துல அத வெச்சே இவர அழ வெச்சாங்களாம். இவரு அப்பாவையும் அப்படித்தான். போன நாட்டுல எல்லாம் சிரிச்சாங்களாம். கும்பிட்டது இந்த ஒரு எடத்துலதானாம். இத இடிச்சிட்டா, இந்தப் பேருக்கு மரியாதை உள்ள எடம் ஒலகத்துலயே வேற இல்லன்னு சொல்றாரு."

என்சிக் ஹாலிம் மோரைக் கீழே வைத்தார். கோயிலைச் சுற்றி நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு போனார். மறுவாரம், மறுபரிசீலனை முடியும்வரை கை வைக்க மாட்டோம் என்று கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. இதை எழுதும் இன்று கோயில் நிற்கிறது. நாளைக்கு நான் பொறுப்பில்லை.

6

இங்கே நிறுத்தியிருந்தால் நல்ல முடிவுதான். அப்படியே நிறுத்தி, கீழே கோடும் போட்டுவிட்டேன்.

ஆனால் புறப்படும்போது தங்கராஜு காலினின் கையைப் பிடித்து, அந்த மூலிகைக்கு விதை கிடைக்குமா என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலேயே கேட்டுவிட்டார். கோயில் வாசலில் நட்டு வளர்க்க வேண்டுமாம். காலினுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். லங்காஷயரில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கையிடம் சொல்லி, விதையை அனுப்பிவிட்டார். பொட்டலம் ரோகினியின் அலுவலக முகவரிக்கு வந்தது. இப்போது மைவி காரின் முன்பக்கப் பெட்டிக்குள் இருக்கிறது.

வந்ததா பாப்பா என்று அப்பா தினமும் கேட்கிறார். இன்னும் இல்லை என்கிறாள். குளிர்நாட்டுச் செடி, இந்த வெயிலில் முளைக்காது, தைரியமாகக் கொடுத்துவிடு என்றேன். முளைத்துவிட்டால் என்றாள். இலையைக் கிள்ளி, கசக்கி, முகர்ந்து பார்க்காமல் இருக்கிற மனிதரா அவர்?

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். கொடுக்கிறாள். எறிகிறாள். உண்மையைச் சொல்லிவிடுகிறாள், அவர்

மூன்றையும் அடித்துவிட்டேன், ஏனென்றால் நிலைமை அதற்குள் கைமீறிவிட்டது. தங்கராஜு வாசலில் பாத்தி வெட்டி, வேலி போட்டு, வெறும் மண்ணுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். போன சனிக்கிழமை மங்கம்மாவும் இன்னும் சிலரும் அந்த வெறும் பாத்தியைச் சுற்றிவந்து கும்பிட்டார்கள். யாரோ மஞ்சள் துணி கட்டியிருக்கிறார்கள்.

என்ன செய்யட்டும் என்று ரோகினி என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் அவளிடம் சொல்லுங்கள், சீக்கிரம். பாத்திக்கு உண்டியல் வைப்பது பற்றிப் பேச வரும் சனிக்கிழமை கூட்டம் போட்டிருக்கிறார்கள்.