கண்ணாடி ஃப்ரிட்ஜ்

மெயின் போர்டில் விழுந்திருந்த டிரிப்பரைக் கவிநிலா மறுபடியும் தூக்கிவிட்டாள். மின்விசிறி சுழன்றது. இறந்துபோன மாமனார் அல்பேர் படுத்திருந்த ஃப்ரீசர் பெட்டி உறுமத் தொடங்கியது. கொஞ்ச நேரம்தான். டக்கென்று ஒரு சத்தம், எல்லாம் நின்றுபோயின.

சில தடவை உடனே விழுகிறது, சில தடவை வெகுநேரம் தாங்குகிறது. ஏன் என்று பிடிபடவில்லை. கொழுந்தன் லூதோவிக் பாரீஸிலிருந்து வந்து இறங்குவது நாளைக் காலையில். அவனை அழைத்துவர அவள் கணவன் ஜீன் சென்னைக்குப் போயிருந்தான். அதுவரை பெட்டி குளிர்ந்தே இருக்க வேண்டும். எலக்ட்ரீஷியனும் காலையில்தான் வருவானாம். ஒயர் இழுக்கலாமென்றால் அக்கம்பக்கம் இரண்டும் பூட்டிக் கிடக்கும் கட்டடங்கள்.

"அல்பேருக்குக் குளிரே ஆவாது. அதான் பொட்டிய நிறுத்தி நிறுத்திப் படுக்கறாரு" என்றார், புதுச்சேரியிலேயே சாரம் பகுதியிலிருந்து வந்திருந்த பழைய கூட்டாளி தெய்வசிகாமணி. கவிநிலாவின் மாமியாரான அன்புசெல்வி அத்தை அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

கவிநிலா டிரிப்பரைத் தூக்கிவிட்டு, பெட்டியருகே உட்கார்ந்து காது கொடுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கடை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தபோது ஓர் இத்தாலிக்காரரிடம் சமையல் கற்றுவந்த அல்பேர், குடும்பமாக நடத்திய கடை. அங்கே நீளமான கண்ணாடி ஃப்ரிட்ஜும் உறுமிக்கொண்டிருந்தது. பெட்டி ஓய்ந்தது. ஃப்ரிட்ஜும் ஓய்ந்தது. பிறகு இரண்டும் ஒன்றாகக் கிளம்பின. டக்.

விஷயம் இதுதான். நின்ற வண்டியை நகர்த்தத்தான் அதிக பலம் வேண்டும். நகர்ந்துவிட்டால் லேசாகத் தள்ளினாலே போதும். கம்ப்ரஸரும் அப்படித்தான். கிளம்பும் நொடியில் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். இரண்டும் ஒரே நொடியில் இழுத்தால், வீட்டுக்கும் கடைக்கும் பொதுவான அந்தப் பழைய லைன் தாங்காது.

ஃப்ரிட்ஜை நிறுத்தலாம். ஆனால் உள்ளே இருக்கும் சீஸ் எல்லாம் இந்தப் புழுக்கத்தில் வீணாகிவிடும். மாமா அதை ஒருநாளும் நிறுத்தியதில்லை.

கடைக்குள் எட்டிப் பார்த்தாள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று பீட்சா அடுப்பும் ஆறிக் கிடந்தது. மேசைகளில் சொந்தக்காரர்கள் வெளியே வாங்கி வந்த வெறும் டீயோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குழந்தை பசியில் சிணுங்கியது.

"அத்த, ஃப்ரிட்ஜ்ல இருக்கறது எதுக்கும் அடுப்பு வேணாமே."

"அவர எடுக்கறதுக்கு முன்னாடி சாப்பாடா?" என்றார் தெய்வசிகாமணி.

அத்தை பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவரு கடைக்கு வந்தவங்கள வெறும் வயித்தோட எப்ப அண்ணா அனுப்பியிருக்காரு? நீ போம்மா, தட்ட எடு."

கவிநிலா ரொட்டியில், கடையிலேயே செய்த மொசரெல்லா சீஸைப் பிய்த்து வைத்து, தக்காளியை நறுக்கிப் போட்டு, ஆலிவ் எண்ணெய் ஊற்றினாள். பதப்படுத்திய இறைச்சியான சலாமியை மெல்லிசாகச் சீவினாள். எப்போதும் பின்வாசலில் பாலை ஊற்றிவிட்டுப் போகும் கொளஞ்சி இன்றுதான் மேசையில் உட்கார்ந்தார்.

"எம்மாட்டுப் பாலா இது?" என்று கேட்டு, இன்னொரு துண்டுக்குத் தட்டை நீட்டினார்.

"உங்க மாட்டுதுதான். சாப்பிடுங்க" என்றாள் அத்தை.

தெய்வசிகாமணி தட்டிலிருந்த, உப்பில் ஊறிய ஆலிவ் காய் ஒன்றைக் கடித்து முகத்தைச் சுளித்தார். பிறகு யாரையும் பார்க்காமல் இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

எல்லாம் காலியானதும் கவிநிலா கண்ணாடியைத் துடைத்துவிட்டு பிளக்கைப் பிடுங்கினாள். உள்விளக்கு அணைந்தது. வீட்டுக்குள் பெட்டி ஒருமுறை ஓய்ந்து, தனியாக மறுபடி கிளம்பியது. டிரிப்பர் விழவில்லை.